துண்டுக்குள் நாலு விரல்

ஒரு மனிதன் நடு ராத்திரியில் எழுந்து, விழாமல் கழிவறைக்குப் போய், வேட்டி நனையாமல் திரும்பி வந்து படுப்பதற்கு ஓசூரில் மாதம் நாலாயிரம் ரூபாய். மானத்துக்கு விலை கிடையாது என்று சொல்கிறவர்கள் விலை விசாரித்துப் பார்க்காதவர்கள். மாதேஷ் விசாரித்தான். விசாரித்ததோடு நிற்காமல் குறைத்தும் கேட்டான்.

குறைத்துக் கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு செரிக்காது. குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் மாட்டுத் தரகு. டாக்டர் முந்நூறு என்றால் இருநூற்றைம்பதை நீட்டிவிட்டு எழுந்துவிடுவான். மகள் கல்யாணத்தில் ஐயர் கேட்ட தட்சணையைத் தாலி கட்டுவதற்கு முன்னாலேயே பாதியாக்கி, "மீதிய மந்திரத்துல கொறச்சுக்குங்க சாமி" என்றவன். ஐம்பத்து நாலு வயதில் சொன்ன விலைக்கு அவன் வாங்கிய பொருள் பஸ் டிக்கெட் ஒன்றுதான்.

இந்தத் தொழிலை அவன் செய்தது தனியாக அல்ல. அண்ணன் சிவராஜோடு. மாலூர் வியாபாரியிடம் கன்னடத்திலும் குப்பத்துக்காரனிடம் தெலுங்கிலும் நம்மூர்க்காரனிடம் தமிழிலும் ஒரே பொய்யை ருசி மாறாமல் சொல்லக்கூடியவர் சிவராஜ். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு காலையில் பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் மூன்று மொழிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்விட்டது. விட்டுப் போனது ஒரே ஒரு சொல்: "ஆச்சு." சந்தையில் விலை படிந்ததும் சொல்கிற சொல். அதற்குப் பிறகு காப்பி வேண்டுமென்றாலும் ஆச்சு, வேண்டாமென்றாலும் ஆச்சு. ஆனால் காது கேட்பதில், புரிந்துகொள்வதில், கோபப்படுவதில் ஒன்றும் குறையவில்லை.

பெண்டாட்டி செத்துப் பல வருஷம், பிள்ளை இல்லை. அதனால் தம்பி வீட்டில்தான் இருந்தார். மாதேஷின் மனைவி பார்வதிதான் தூக்கினாள், குளிப்பாட்டினாள், ராத்திரி இரண்டு முறை எழுந்து கைபிடித்து அழைத்துப் போனாள். கடைசியில் அவள் முதுகுத் தட்டு நகர்ந்துவிட்டது. இனிமேல் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். மாதேஷ் தூக்கியிருக்கலாம். ஆனால் மாதேஷ் சந்தை, சந்தை விட்டால் ஊர் ஊராக மாடு பார்ப்பது, அதை விட்டால் அசதி.

வேறு வழிகளைப் பார்க்காமல் இல்லை. ஏஜென்சி மூலம் வீட்டோடு ஒரு ஆளை வைத்தார்கள். அவன் சிவராஜைப் பார்த்துக்கொண்டதைவிடச் செல்போனைப் பார்த்துக்கொண்டது அதிகம். பெங்களூர்ப் பக்கம் முதியோருக்கென்றே கட்டிய வீடுகள் இருப்பதாக ஒரு நண்பர் வழுவழுப்பான தாள் ஒன்றைக் கொடுத்தார். குளியலறையில் கைப்பிடி, வாசலில் சக்கர நாற்காலிக்குச் சரிவு, ஏரியைப் பார்த்த பால்கனி. விலையைப் பார்த்தால் ஏரியையும் சேர்த்துப் பத்திரம் பண்ணிக் கொடுப்பார்கள் போலிருந்தது. தர்மத்துக்கு நடத்துகிற இல்லம் ஒன்றில் கேட்டான். ஆதரவற்றவர்களுக்கு மட்டும், இவருக்குத்தான் ஆதரவு இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்ன ஆதரவு மாதேஷ்.

கடைசியில் அகப்பட்டது 'சாய்மானம்'. ஓசூரில் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில், படியே இல்லாத கட்டடம். சுவர் நெடுகப் பிடித்து நடக்க ஒரு கம்பி. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் அழைப்பு மணி. நடத்துகிறவர் ஜெபசீலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தவர். அவர் போனிலேயே விலையைச் சொல்லிவிட்டார். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பன்னிரண்டாயிரம். குளிக்க, உடுக்க, ராத்திரி எழுந்து போகக் கைத்தாங்கல் வேண்டியவர்களுக்குப் பதினாறு. படுத்த படுக்கைக்கு இருபத்திரண்டு.

"எது உங்க அண்ணனுக்குன்னு ஆளப் பாத்துத்தான் சொல்லுவேன், அண்ணாச்சி. நடக்கச் சொல்லிப் பாப்பேன்."

நடக்கவிட்டுப் பார்த்து விலை. மாதேஷுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

நொண்டி மாட்டை நல்ல மாடாக நிறுத்துவதற்குச் சிவராஜிடமே ஒரு முறை இருந்தது. விடியற்காலையில் அதைச் சற்று நடக்கவிட்டுக் கால் சூடேற்றுவார். கல் தரையில் விடாமல் மெத்தென்ற மண்ணில் நிறுத்துவார். கெட்ட கால் மேட்டுப் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். தான் எப்போதும் அந்தக் கெட்ட காலின் பக்கமே நிற்பார். வாங்குகிறவன் இரண்டாம் முறை நடத்திப் பார்ப்பதற்குள் பேச்சை முடித்துவிடுவார்.

அன்று காலை மாதேஷ் அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்டு, வெளுத்த வேட்டி சட்டை உடுத்தி, சூளகிரி தாண்டியதும் வண்டியை நிறுத்திச் சாலையோரத்தில் கொஞ்ச தூரம் நடத்தினான். இல்லத்தின் வாசலுக்கு வந்ததும் இறக்கவில்லை. தோள் துண்டை எடுத்து அண்ணனின் இடது கைமேல் போட்டான். தன் கையை உள்ளே விட்டான்.

சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கை கோத்து, ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம், இரண்டைப் பிடித்தால் இரண்டாயிரம். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் தெரியாது. சிவராஜ் அந்தப் பேச்சைப் பேசி ஒன்றரை வருஷமாகிவிட்டது.

மாதேஷ் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தான்.

"மாசத்துக்குண்ணா. நல்லா நடந்து காட்டிட்டா இத்தினியும் நமக்கு மிச்சம்."

சிவராஜ் தம்பியைப் பார்த்தார். அந்தக் கண்ணில் வந்த வெளிச்சத்தை மாதேஷ் அன்று லாபக் கணக்கில்தான் எழுதிக்கொண்டான். ஒன்றரை வருஷமாக எல்லோரும் அவரைத் தூக்கினார்கள், துடைத்தார்கள், ஊட்டினார்கள். தொழிலில் சேர்த்துக்கொண்டவர் யாருமில்லை.

"ஆச்சு" என்றார் சிவராஜ்.

ஜெபசீலி வராந்தாவுக்கு அழைத்தார். வழவழவென்று டைல்ஸ் போட்ட வராந்தா. மாதேஷ் உடனே, "உள்ள புழுக்கமா கீதுங்க மேடம், இப்பிடி வெளியிலயே பாத்துக்கலாமே" என்று புல் தரைக்குத் திருப்பினான். மெத்தென்ற தரை. அண்ணனின் வலப் பக்கத்தில் தான் நின்றுகொண்டு, பார்க்கிறவருக்குத் தாங்கிப் பிடிப்பது தெரியாதபடி, முழங்கையில் இரண்டு விரலை மட்டும் கொடுத்தான்.

சிவராஜ் நடந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல், இழுக்கிற காலை இழுப்பது தெரியாமல் தூக்கித் தூக்கி வைத்து, வேலியோரச் செம்பருத்திவரை போய்த் திரும்பினார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"பரவாயில்லையே, நல்லா நடக்காவளே" என்றார் ஜெபசீலி. "சாப்பாடு?"

"இடது கையில தானே சாப்ட்டுக்குவாருங்க."

"தண்ணி குடிச்சாப் புரையேறுதா?"

"ஒண்ணியும் கெடையாதுங்க."

"ராத்திரி பாத்ரூம்?"

மாதேஷ் அண்ணனைப் பார்க்காமல் சொன்னான். "படுத்தா விடியறதுதான். இவுரு எழுந்து நான் பாத்ததே இல்ல." கடைசி வாக்கியம் உண்மை. எழுப்பியதும் பார்த்ததும் பார்வதி.

"அப்பிடின்னா பன்னெண்டாயிரம் ரூம்தான்" என்றார் ஜெபசீலி. "மணி அடிச்சா ஆள் வரும். ஆனா அடிக்கடி அடிக்கிற மாதிரி ஆச்சுன்னா பதினாறுக்கு மாத்த வேண்டியிருக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

"அதுக்கெல்லாம் அவசியமே வராதுங்க."

"ஆச்சு" என்றார் சிவராஜ், யாரும் கேட்காமலே.

முன்பணத்திலும் இரண்டாயிரம் குறைத்துவிட்டுத்தான் மாதேஷ் கிளம்பினான். வழியில் ஒரு பிளேட் பிரியாணி சாப்பிட்டான். வீட்டில் பார்வதி வாசலில் நாற்காலி போட்டு, இடுப்புப் பட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"பெரிய மாமா ராத்திரி ரெண்டு தபா எழுந்திருப்பாருன்னு சொன்னீங்களா?"

"போகப் போக அவங்களே தெரிஞ்சுக்குவாங்க."

"மாடு வாங்கனவன் வூட்டுக்கு ஓட்டினு போயித் தெரிஞ்சுக்குவானே, அந்த மாதிரியா?"

மாதேஷ் கை கழுவப் போனான். பிரியாணிக்குக் கழுவிய கைதான்.

அடுத்தடுத்துப் போய்ப் பார்த்தபோது சிவராஜ் சற்று மெலிந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. இடம் மாறினால் அப்படித்தான் என்று மாதேஷ் நினைத்தான். புதிதாக வாங்கி வந்த மாடும் கொஞ்ச நாள் தீவனம் எடுக்காது. "எல்லாம் வசதியாண்ணா" என்று கேட்டான். "ஆச்சு" என்று பதில் வந்தது. பிறகு என்ன.

இரண்டாம் மாதம் பாதியில், ஒரு வெள்ளிக்கிழமை, குப்பத்துக்காரன் ஒருவனோடு துண்டுக்குள் கை கோத்திருந்தபோது போன் அடித்தது. சிவராஜுக்குக் காய்ச்சலில் நினைவு தப்பிவிட்டது, ஓசூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார் ஜெபசீலி. மாதேஷ் விரலை உருவிக்கொண்டு ஓடினான்.

"சிறுநீர்த் தொற்று" என்றார் டாக்டர். "கிட்னி வரைக்கும் ஏறப் பாத்திருக்கு. உடம்புல தண்ணியே இல்ல. யாரு இவரப் பாத்துக்கறது?" அந்தக் கேள்விக்கு அங்கே நின்றிருந்த இருவரும் தலை குனிந்தார்கள். ஜெபசீலி மட்டும் பதில் சொன்னார்.

"நாங்கதான் டாக்டர்."

வெளியே வந்ததும் அவர் மாதேஷின் கையைப் பிடித்துக்கொள்ளாத குறை. "எங்க மேலதான் தப்பு, அண்ணாச்சி. லிபியான்னு ஒரு பிள்ள, ராத்திரி டூட்டி. சாயங்காலம் ஜக்குல தண்ணி வைப்பா, காலையில காலியா இருக்கும். குடிச்சிட்டாவன்னு நெனச்சிருக்கா. இவிய சன்னல் வழியா செடிக்கு ஊத்தியிருக்காவ. இன்னைக்குத்தான் பாத்தோம், சன்னலுக்கு அடியில மட்டும் செடி அப்பிடித் தழைச்சிருக்கு. அவள வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டேன். இந்த மாசக் காசும் நீங்க தர வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவுல பாதி நாங்க ஏத்துக்கிடுதோம். புகார் கிகார்னு எழுதிராதீய."

தவறு தன்னுடையது என்று ஒருவர் விலையை இறக்கிக்கொண்டு வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று முப்பது வருஷமாகப் பழகிய வாய்க்கு, யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"பாதின்னா எப்பிடிங்க மேடம்" என்றது அது. "முக்காலாச்சும்..."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஜெபசீலி மறுபேச்சு பேசாமல் தலையாட்டிவிட்டார். மாதேஷ் அங்கே நிற்க முடியாமல் அண்ணனைப் பார்க்கப் போவதாகச் சொல்லி உள்ளே நுழைந்தான்.

ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. சிவராஜ் கண் விழித்திருந்தார். தம்பியைக் கண்டதும் இடது கையை நீட்டி, அவன் தோளிலிருந்த துண்டை இழுத்தார். அதைத் தன் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு அவன் கையை உள்ளே வாங்கினார். காய்ச்சல் கை, அடுப்பிலிருந்து எடுத்தது மாதிரி. அது மாதேஷின் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தியது.

"ஆச்சு" என்றார். வெடித்த உதட்டில் ஒரு சிரிப்பு. விலை கலையாமல் பார்த்துக்கொண்ட கூட்டாளியின் சிரிப்பு.

"ண்ணா" என்றான் மாதேஷ். "மணி அடிச்சியா நீ? ஒரு நாளாச்சும்?"

சிவராஜ் இல்லையென்று தலையாட்டினார், பெருமையாக.

மாதேஷுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. தண்ணீர் குடித்தால் ராத்திரி எழ வேண்டும். எழுந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் பதினாறு. அதனால் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரை நிறுத்திக்கொண்டிருக்கிறார். தம்பி துண்டுக்குள் சொன்ன விலையை, வாயில்லாத மனிதர், தன் சிறுநீரகத்தை வைத்துக் காபந்து பண்ணியிருக்கிறார். சந்தையில் நொண்டி மாடுகூட விற்று முடிந்ததும் நொண்டலாம். அண்ணனை அவன் அதற்கும் விடவில்லை.

வெளியே வந்தான். ஜெபசீலி பெஞ்சில் உட்கார்ந்து யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை நின்றான். இடைமறித்துப் பேசாமல் அவன் நின்றது அன்றைக்குத்தான்.

"மேடம், செலவெல்லாம் ஒண்ணும் வாணாம். லிபியா மேலயும் தப்பில்ல. அன்னிக்கி நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொன்னன். இவுரு ராத்திரி ரெண்டு தபா எழுந்திருப்பாரு. நான் இவுருகிட்ட நாலாயிரம் மிச்சம்னு சொன்னன். அந்த நாலாயிரத்துக்காகத் தண்ணி குடிக்காம இருந்திருக்கறாரு."

ஜெபசீலி போனை மடியில் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தான். கோபம் என்றால் அதற்கும் ஒரு பதில் அவனிடம் இருந்தது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே, அண்ணாச்சி" என்றார் அவர். "பதினாறு கட்ட முடியல, கொஞ்சம் கொறைங்கன்னு கேட்டா பதினாலுக்கு இறங்கியிருப்பேன். பாதிப் பேருக்கு அப்பிடித்தான் குடுக்கேன்."

ஊரெல்லாம் குறைத்துக் கேட்டவன், கேட்க வேண்டிய ஒரே இடத்தில் கேட்காமல் விட்டிருக்கிறான்.  கட்ட முடியாமல் இல்லை என்பதை மாதேஷ் சொல்லவில்லை. அந்த நாலாயிரம் ஒரு ஜோடி மாடு கைமாறினால் வருகிற தரகு.

"சரி, வாங்க. இனிமே அவிய விஷயத்த அவியள வச்சிக்கிட்டே பேசுவோம். அவியளும் பெரிய மனுசந்தானே."

இதை மாதேஷ் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொல்வது என்றால் ஒரு மூலையில் ஒரு ஆளிடம் சொல்லிவிட்டு, இலேசான நெஞ்சோடு வீட்டுக்குப் போவது என்று நினைத்திருந்தான். ஜெபசீலி கட்டிலின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, சிவராஜைப் பார்த்தபடி கேட்டார். மாதேஷ் பதில் சொன்னான். சட்டைப் பித்தான் போட வராது. தண்ணீர் வேகமாகக் குடித்தால் புரையேறும். குளியலறையில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். காரணமில்லாமல் அழுகை வரும்.

முதலில் சிவராஜுக்குப் புரியவில்லை. தம்பி எதற்கோ புதிதாக நூல் விடுகிறான் என்பது போல் கவனித்தார். பிறகு துண்டுக்கு மேலேயே இடது கையை விரித்து, என்ன செய்கிறாய் என்று கேட்பது போல ஆட்டினார்.

"ராத்திரி?" என்றார் ஜெபசீலி.

"எழுப்ப லேட்டாச்சுன்னா..." மாதேஷ் தரையைப் பார்த்துச் சொன்னான். "படுக்கையிலயே போயிடுவாரு. பார்வதிதான் மாத்துவா."

அந்நியப் பெண் முன்னால், கூடப் பிறந்தவன் வாயால். சிவராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, ஊசி குத்திய கையை மெதுவாக நகர்த்திக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "ண்ணா" என்று கூப்பிட்டான் மாதேஷ். இருந்த ஒரே சொல்லையும் அவர் செலவழிக்கவில்லை.

பொய் சொன்னபோது அண்ணன் நிமிர்ந்து நடந்தார். உண்மையைச் சொன்னதும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். இரண்டில் எது பெரிய துரோகம் என்று மாதேஷுக்கு விலை போடத் தெரியவில்லை.

ஜெபசீலியின் போனிலிருந்து லிபியாவிடம் பேசினான். தான் பொய் சொன்னதைச் சொன்னான். வேலைக்கு வரச் சொல்லி மேடமே கூப்பிடுவார் என்றும் சொன்னான். 

"தெனமும் காலி ஜக்கப் பாத்து, தாத்தா நல்லாத் தண்ணி குடிக்கறாருன்னு நான் சந்தோஷப்பட்டன்ணா" என்றாள் அவள். போன் அணைந்தது.

சிவராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து சாய்மானத்துக்கே திரும்பினார், கைத்தாங்கல் அறைக்கு. ஜெபசீலி பதினாலு என்றார். மாதேஷ் பதினாறு என்றான். தொழிலுக்கு வந்த நாள் முதல் அவன் ஏற்றிக் கேட்ட பேரம் அது ஒன்றுதான், அதிலும் ஜெயித்தான். ராத்திரியில் மணி அடிக்கிறது, லிபியா போகிறாள், தண்ணீர் தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பக்கத்தில் நின்றே பார்க்கிறாள். பார்வதி இடுப்புப் பட்டையோடு பஸ் ஏறிப் போனால் சிவராஜ் சிரிக்கிறார். மாதேஷ் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

நேற்றுவரை கணக்கு இப்படி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு முப்பத்தோராயிரம், முழுதும் மாதேஷ் கட்டியாயிற்று. முன்பணத்தில் குறைத்த இரண்டாயிரம், கட்டியாயிற்று. இரண்டு மாத வித்தியாசம் எட்டாயிரம், கட்டியாயிற்று. லிபியாவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டது, ஒரு முறை. அவள் பரவாயில்லை என்று இன்னும் சொல்லவில்லை. பார்வதிக்கு ஒன்றரை வருஷத்து ராத்திரிகள், பாக்கி. அண்ணன் வகையில் வரவு ஒன்றுமில்லை, மொத்தமும் பாக்கி.